விற்றால் 2 வருஷம்... விற்க வைத்தால் 10 வருஷம்!

சிறுவர் கையில் லாட்டரி சீட்டு: யார் யாருக்கு என்ன தண்டனை?

சென்னை,

பள்ளிக்கூடப் பையனிடம் லாட்டரி சீட்டு விற்கிறவருக்கு 2 வருஷம் வரை கடுங்காவல். அதே பையனை விட்டுச் சீட்டு விற்க வைத்தால் 3 வருஷத்துக்குக் குறையாமல் 10 வருஷம் வரை ஜெயில்!

சட்டம் இப்படித்தான் சொல்கிறது. சீட்டு விற்கிற ஆசாமிகள் பலருக்கு இது தெரியாது. "போய் வாங்கிட்டு வாடா" என்று பிள்ளையை அனுப்புகிற அப்பாக்களுக்கும் தெரியாது.

"லாட்டரியைத்தான் எப்பவோ ஒழிச்சாச்சே! இப்ப என்ன அதைப் பத்திப் பேச்சு?" என்று சிலர் கேட்கலாம்.

சீட்டை ஒழித்தார்கள். ஆசை ஒழியவில்லை. சீட்டுக்குப் பதிலாகத் துண்டுக் காகிதம் வந்தது. துண்டுக் காகிதத்துக்குப் பிறகு செல்போன் வந்தது. "3 நம்பர்" என்று சொன்னால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு விளக்கம் தேவை இல்லை.

துண்டுக் காகித வியாபாரம்

கேரளாவில் அரசாங்கமே லாட்டரி நடத்துகிறது. தினமும் பிற்பகலில் குலுக்கல். பரிசு விழுந்த எண்ணின் கடைசி 3 இலக்கங்களை வைத்து இங்கே தனி சூதாட்டம் நடக்கிறது. அதுதான் 3 நம்பர் லாட்டரி.

இதில் கேரள அரசாங்கத்துக்கு எந்தச் சம்பந்தமும் கிடையாது. சீட்டு அச்சடிப்பது இல்லை. முத்திரை இல்லை. 000 முதல் 999 வரை ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிப் பணம் கட்ட வேண்டியது. காகிதத்தில் எழுதிக் கொடுப்பார்கள். சில இடங்களில் அதுவும் கிடையாது. வாட்ஸ்அப்பில் எண்ணை அனுப்பினால் முடிந்தது.

பெரியவர்கள் நேரில் போகக் கூச்சப்படுவார்கள். யாராவது பார்த்துவிட்டால்? போலீஸ் நின்றால்? அதனால் பிள்ளையை அனுப்புவார்கள்.

"அண்ணே, அப்பா 50 ரூவா குடுத்தாரு. நேத்துப் போட்ட அதே நம்பராம்."

"கொண்டாடா. பொழுது சாய அப்பாவை வந்து பார்க்கச் சொல்லு."

அரை நிமிஷப் பேச்சு. இந்த அரை நிமிஷத்தில் 3 பேர் சட்டத்தின் வலைக்குள் வந்துவிட்டார்கள். விற்றவர் ஒருவர். வீட்டில் உட்கார்ந்திருக்கும் அப்பா ஒருவர். ஒன்றும் அறியாத அந்தப் பையன் ஒருவன்.

மூன்று பேருக்கும் மூன்று விதமான கணக்கு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அன்று தெருவெல்லாம் சீட்டு

ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் லாட்டரி அரசாங்க வியாபாரம். அண்ணா முதல்-அமைச்சராக இருந்த காலத்தில் தமிழக அரசு பரிசுச் சீட்டு வந்தது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற வாசகத்தை இன்றும் சொல்கிற பெரியவர்கள் உண்டு. கேரளா அதற்குச் சற்று முந்திக்கொண்டது. அங்கே 1967-ல் இதற்கென்றே தனி இலாகா ஏற்படுத்தி, 1968 ஜனவரி 26-ந் தேதி முதல் குலுக்கலை நடத்தினார்கள். முதல் பரிசு 50 ஆயிரம் ரூபாய்.

பிறகு பூட்டான், சிக்கிம், நாகாலாந்து என்று வெளியூர்ச் சீட்டுகளும் வந்து குவிந்தன. பஸ் நிலையம், ரெயில் நிலையம், சினிமா கொட்டகை வாசல் எங்கு பார்த்தாலும் சீட்டுக்கடை. "நாளைக்குக் குலுக்கல்! நாளைக்குக் குலுக்கல்!" என்று கூவி விற்றவர்களில் அரைக்கால் சட்டை போட்ட பையன்களும் இருந்தார்கள். அன்று அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

தினக்கூலி வாங்குகிற கை வீட்டுக்குப் போகும் முன்பே காலியானது. சுரண்டல் சீட்டும் ஒற்றை நம்பர் சீட்டும் குடும்பங்களைக் குடித்தன. கடைசியில் 2003-ம் ஆண்டு ஜனவரியில் ஜெயலலிதா அரசு தமிழ்நாட்டில் எல்லா லாட்டரிகளுக்கும் தடை போட்டது.

"எல்லா லாட்டரிகளுக்கும்" என்பதைக் கவனிக்க வேண்டும். தன்னுடைய லாட்டரியை நடத்திக்கொண்டு, பக்கத்து மாநிலத்துச் சீட்டை மட்டும் ஒரு மாநிலம் தடுக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1999-ல் தீர்ப்புக் கூறி இருந்தது. அடுத்தவர் கடையை மூட வேண்டுமானால் முதலில் தன் கடையை மூட வேண்டும். தமிழக அரசு தன் கடையையும் சேர்த்தே மூடியது.

ஆகவே இன்று தமிழ்நாட்டுக்குள் எந்த லாட்டரி சீட்டை யாரிடம் விற்றாலும் குற்றம்தான். வாங்குகிறவருக்கு 8 வயசா, 80 வயசா என்ற கேள்வியே இல்லை.

விற்றவருக்கு என்ன?

போலீசார் கையில் இருக்கும் முக்கியமான ஆயுதம் 1998-ம் ஆண்டின் மத்திய லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம். அதில் 7-வது பிரிவின் 3-வது உட்பிரிவுதான் தெருவில் சீட்டு விற்கிறவரைப் பிடிக்கிற பிரிவு.

சட்ட விரோத லாட்டரிக்கு ஏஜெண்டாக இருந்தாலும் சரி, வியாபாரம் செய்தாலும் சரி, சீட்டை விற்றாலும் சரி, வினியோகித்தாலும் சரி, 2 வருஷம் வரை கடுங்காவல் அல்லது அபராதம் அல்லது இரண்டும்.

இது ஜாமீனில் விட முடியாத குற்றம். வாரண்டு இல்லாமலே போலீசார் கைது செய்யலாம். "ஸ்டேஷன்ல பேசி ஜாமீன் வாங்கிடலாம்" என்று உரிமையோடு கேட்க முடியாது. மாஜிஸ்திரேட்டு முன்னால்தான் கேட்க வேண்டும்.

அதே சட்டத்தின் 4-வது பிரிவு, லாட்டரி நடத்தும் மாநிலங்களுக்கே கூடப் பல கட்டுப்பாடுகள் போட்டிருக்கிறது. ஒற்றை இலக்கத்தை வைத்துப் பரிசு தரக் கூடாது. முன்கூட்டியே அறிவித்த எண்ணுக்குப் பரிசு தரக் கூடாது. சீட்டில் அரசாங்க முத்திரை இருக்க வேண்டும். குலுக்கலை அரசாங்கமே நடத்த வேண்டும். டீக்கடை துண்டுக் காகிதத்தில் இதில் எது இருக்கிறது? ஒன்றுகூட இல்லை!

இது போதாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவும் இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த சட்டம் அது. அனுமதி இல்லாத லாட்டரிக் குலுக்கலுக்கு இடம் வைத்திருந்தால் 297-வது பிரிவின்படி 6 மாதம் வரை ஜெயில். அந்த லாட்டரிக்கு விளம்பரம் செய்தால் 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். முன்பு இந்த அபராதம் ஆயிரம் ரூபாயாக இருந்தது.

வயசு எங்கே போச்சு?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

அந்த 1998-ம் ஆண்டு சட்டத்தை முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை படித்தாலும் வாங்குகிறவரின் வயசைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 50 வயசு ஆளிடம் விற்றாலும் அதே தண்டனை. 5-ம் வகுப்புப் பையனிடம் விற்றாலும் அதே தண்டனை. சிறுவரிடம் விற்றதற்காக ஒரு நாள்கூடக் கூடுதல் இல்லை!

பெட்டிக்கடையில் பக்கத்திலேயே தொங்குகிற சிகரெட் பாக்கெட்டைப் பாருங்கள். 18 வயசுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது என்று 2003-ம் ஆண்டு புகையிலைச் சட்டம் சொல்கிறது. அபராதம் 200 ரூபாய் வரைதான். ஆனால் 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் வந்த பிறகு கதையே மாறியது. சிறுவருக்கு மதுவோ, புகையிலையோ, போதைப் பொருளோ கொடுத்தால் 77-வது பிரிவின்படி 7 வருஷம் வரை கடுங்காவல். ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

அதாவது பையன் கையில் ஒரு சிகரெட்டைக் கொடுத்தால் 7 வருஷம். சூதாட்டச் சீட்டைக் கொடுத்தால் 2 வருஷம். சிகரெட்டுக்கு வயசு உண்டு. சீட்டுக்கு வயசு இல்லை.

லண்டன் கடைகளில் வேறு கதை

லாட்டரி சட்டப்படி நடக்கிற நாடுகளில் இந்த வயசுக் கணக்கை ரொம்பக் கறாராக வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்து நல்ல உதாரணம்.

அங்கே தேசிய லாட்டரி 1994 நவம்பரில் தொடங்கியது. அப்போது 16 வயசு ஆனவர்கள் சீட்டு வாங்கலாம். 2021-ல் அதை 18 ஆக உயர்த்தினார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 1-ந் தேதியில் இருந்து கடைகளில் 18 வயசுக்குக் குறைந்தவருக்குச் சீட்டும் கிடையாது, சுரண்டல் அட்டையும் கிடையாது. மீறி விற்றால் 2 வருஷம் வரை ஜெயில் அல்லது அபராதம் அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

லண்டனில் மூலைக்கடை நடத்தும் தமிழர்கள், அதிலும் இலங்கைத் தமிழர்கள், நிறையப் பேர். கல்லாவுக்குப் பக்கத்திலேயே லாட்டரி மிஷினும் இருக்கும். ஆளைப் பார்த்தால் 25 வயசுக்குக் குறைவு என்று தோன்றினாலே அடையாள அட்டையைக் கேட்பது அங்கே வழக்கம். "எனக்கு 19 ஆகுது" என்று சொன்னால் மட்டும் போதாது. அட்டையைக் காட்டினால் சீட்டு. இல்லாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

சோதனை செய்வதும் உண்டு. 18 வயசு நிரம்பியவர்தான், ஆனால் பார்வைக்குச் சின்னப் பிள்ளையாகத் தெரிவார். அப்படிப்பட்டவரைக் கடைக்கு அனுப்புவார்கள். அட்டை கேட்காமல் கடைக்காரர் சீட்டு கொடுத்தால் மாட்டிக்கொண்டார். திரும்பத் திரும்ப மாட்டினால் லாட்டரி மிஷினையே கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஜெயிலுக்குப் பயப்படுவதைவிட மிஷின் போய்விடும் என்று பயப்படுகிற கடைக்காரர்கள்தான் அதிகம். வியாபாரிக்கு வியாபாரம்தானே உயிர்!

இங்கே மிஷின் கிடையாது, லைசென்சும் கிடையாது. பறிப்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் ஜெயில் ஒன்றுதான் பாக்கி.

பையனை ஓட விட்டால் 10 வருஷம்

விற்றவருக்கு 2 வருஷம்தான் என்று யாரும் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். அடுத்த பிரிவு காத்திருக்கிறது.

3 நம்பர் வியாபாரத்தில் எழுதுகிறவர் ஒருவர். வசூல் செய்கிறவர் ஒருவர். நடுவில் காகிதத்தையும் பணத்தையும் தூக்கிக்கொண்டு ஓட ஒரு ஆள் வேண்டும். பையனாக இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. புத்தகப் பைக்குள் துண்டுக் காகிதத்தைப் போலீசார் தேடவும் மாட்டார்கள். 20 ரூபாய் கொடுத்தால் சந்தோஷமாக ஓடுவான்.

இங்கேதான் பாரதிய நியாய சன்ஹிதாவின் 95-வது பிரிவு பாய்கிறது. குற்றம் செய்வதற்காக ஒரு சிறுவரைக் கூலிக்கு வைத்தாலோ, வேலைக்கு அமர்த்தினாலோ, ஈடுபடுத்தினாலோ 3 வருஷத்துக்குக் குறையாத ஜெயில். அது 10 வருஷம் வரை போகலாம். அபராதம் தனி. பையன் அந்தக் குற்றத்தைச் செய்து முடித்துவிட்டால், அதை இவரே செய்ததாகக் கருதி அந்தத் தண்டனையும் உண்டு.

"3 வருஷத்துக்குக் குறையாத" என்ற வார்த்தைகளைக் கவனியுங்கள். லாட்டரி சட்டத்தில் அபராதத்தோடு விட்டுவிட வழி இருக்கிறது. இந்தப் பிரிவில் குற்றம் நிரூபணம் ஆனால் ஜெயில் நிச்சயம்.

இளைஞர் நீதிச் சட்டத்தின் 83-வது பிரிவும் சேர்ந்துகொள்ளும். சட்ட விரோதக் காரியங்களுக்குச் சிறுவர்களைப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு 7 வருஷம் வரை கடுங்காவல். 5 லட்சம் ரூபாய் அபராதம். தனி ஆளாகச் செய்தாலும் சரி, கும்பலாகச் செய்தாலும் சரி.

பையனுக்கு 14 வயசு ஆகவில்லை, அவனைக் கடையில் வேலைக்கு வைத்திருக்கிறார் என்றால் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் வந்து நிற்கும். 6 மாதம் முதல் 2 வருஷம் வரை ஜெயில் அல்லது 20 ஆயிரம் முதல் 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

20 ரூபாய் கொடுத்து ஓட விட்ட பையனுக்காக எத்தனை வருஷம்? கூட்டிப் பார்க்க வேண்டியது சீட்டுக்காரர்தான்.

அனுப்பிய அப்பா?

"நான் என்ன சீட்டா வித்தேன்? வாங்கத்தானே அனுப்பினேன்?" என்று அப்பா கேட்கலாம்.

சட்டம் அவருக்கும் ஒரு வார்த்தையை வைத்திருக்கிறது. அந்த 7-வது பிரிவில் விற்பவர், வினியோகிப்பவர் என்று சொல்லிவிட்டு அதே மூச்சில் வாங்குபவரையும் சேர்த்திருக்கிறார்கள். சட்ட விரோத லாட்டரி சீட்டை வாங்குவதும் குற்றம்தான். அதற்கும் அதே 2 வருஷம்.

வாங்குவது குற்றம் என்றால், அந்தக் குற்றத்துக்குப் பிள்ளையை அனுப்புவது? "ஈடுபடுத்தினால்" என்ற 95-வது பிரிவின் வார்த்தைக்குள் அதுவும் அடங்கும். பெற்ற அப்பா என்பதால் சட்டத்தில் தனி விலக்கு ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

கடைக்குப் போய் வெற்றிலை பாக்கு வாங்கி வரச் சொல்வதைப் போல இதையும் நினைத்தால் வம்புதான்.

பையனுக்கு என்ன ஆகும்?

பெற்றவர்கள் முதலில் பயப்படுவது இதற்குத்தான். "போலீஸ் புடிச்சா பையன் வாழ்க்கையே போச்சே!"

அப்படி ஒன்றும் போய்விடாது. இந்த இடத்தில் சட்டம் பிள்ளையின் பக்கம் நிற்கிறது.

7 வயசுக்குக் குறைந்த பிள்ளை எதைச் செய்தாலும் குற்றமே இல்லை. 7 முதல் 12 வயசு வரை, செய்ததன் விளைவைப் புரிந்துகொள்ளும் பக்குவம் இல்லாவிட்டால் குற்றம் இல்லை. அதற்கு மேல் 18 வயசு வரை இளைஞர் நீதிச் சட்டம் பார்த்துக்கொள்ளும். 18 வயசு வரை எந்தப் பிள்ளைக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாகக் கருதக் கூடாது என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று.

3 வருஷத்துக்கு மேல் போகாத தண்டனை உள்ள குற்றங்களை அந்தச் சட்டம் "சிறு குற்றம்" என்று வகை பிரித்திருக்கிறது. லாட்டரி வாங்கியது அதற்குள் வந்துவிடும்.

லாக்கப்பில் அடைக்கக் கூடாது. ஜெயிலுக்கு அனுப்பக் கூடாது. கை விலங்கு கூடாது. பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னால் கொண்டுபோக வேண்டும். பெரியவருக்கு ஜாமீன் இல்லாத குற்றம் என்றாலும் சிறுவருக்கு ஜாமீன் கேட்க வழி உண்டு.

பொதுவாகச் சிறு குற்றத்துக்கு முதல் தகவல் அறிக்கை போடுவது இல்லை. ஸ்டேஷன் தினக் குறிப்பில் எழுதி, பையனின் குடும்ப நிலைமை பற்றி ஒரு அறிக்கை தயார் செய்ய வேண்டும். பெரியவரோடு சேர்ந்து குற்றம் செய்ததாக இருந்தால் மட்டும் நிலைமை வேறு. அப்போது அறிக்கை போட இடம் உண்டு. ஓட விடுகிற சீட்டுக்காரர் பையனுக்குச் செய்கிற பெரிய துரோகமே இதுதான்.

குழுமம் என்ன செய்யும்? கண்டித்து, புத்தி சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம். ஆலோசனை வகுப்புக்கு அனுப்பலாம். சமூக சேவை செய்யச் சொல்லலாம். அபராதத்தைப் பெற்றவர்களே கட்ட வேண்டும் என்றும் உத்தரவு போடலாம். 4 மாதத்தில் விசாரணை முடிய வேண்டும். இன்னும் 2 மாதம் நீட்டிக்கலாம். அதற்கும் மேலே இழுத்தால் சிறு குற்ற வழக்கு தானாக முடிந்துபோகும்.

பையன் பெயரையோ, படத்தையோ, பள்ளிக்கூடத்தின் பெயரையோ பத்திரிகையில் போடக் கூடாது. போட்டால் 6 மாதம் வரை ஜெயில், 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். நாளைக்கு வேலைக்குப் போகும்போது நன்னடத்தைச் சான்று கேட்டால், முடிந்துபோன அந்த வழக்கைப் போலீசார் காட்டக் கூடாது.

விழுந்தால்தான் என்ன?

சரி, பையன் சொன்ன எண்ணே விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சீட்டுக்காரர் கையை விரித்துவிட்டால்?

ஒன்றும் செய்ய முடியாது! பந்தய ஒப்பந்தம் செல்லாது, அதை வைத்துக் கோர்ட்டில் பணம் கேட்க முடியாது என்று 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவு சொல்கிறது. அதே சட்டத்தின்படி 18 வயசு ஆகாதவர் ஒப்பந்தமே செய்ய முடியாது. மைனர் போட்ட ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்று 1903-லேயே லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புக் கூறிவிட்டது. ஸ்டேஷனில் போய்ப் புகார் கொடுத்தால் "நீ எப்படி வாங்கினே?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். 3 நம்பரில் மொத்தம் ஆயிரம் எண்கள். ஒரு எண் விழ ஆயிரத்தில் ஒரு பங்கு வாய்ப்பு. 100 பையன்கள் ஒரு வருஷம் முழுவதும் தினம் ஒரு சீட்டுப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், அதில் சுமார் 69 பேருக்கு ஒரு தடவைகூட விழாது. நாளைக்கு 20 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 7 ஆயிரத்து 300 ரூபாய். அந்தப் பணம் எங்கிருந்து வரும்? முதலில் அப்பா சட்டைப் பையில் இருந்து. பிறகு அம்மா அரிசி டப்பாவில் இருந்து.

பெரியவர்களையே இது விட்டு வைப்பது இல்லை. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் இந்த 3 நம்பர் கடனால் ஒரு குடும்பமே பலியானது. சின்னக் குழந்தைகளும் போனார்கள். தமிழ்நாடே அன்று அதிர்ந்தது. அந்தப் பிள்ளைகள் எந்தச் சீட்டையும் வாங்கியவர்கள் அல்ல.

கேரளாவுக்குப் போய் வாங்கினால்?

வாளையார், புளியரை, குமுளி தாண்டினால் கேரள அரசு சீட்டு சட்டப்படி விற்கிற சரக்கு. அங்கே போய் வாங்குவதைத் தமிழ்நாட்டுத் தடை தடுக்காது. 2023 ஓணம் பம்பரில் 25 கோடி ரூபாய் பரிசு தமிழ்நாட்டைச் சேர்ந்த 4 பேருக்குச் சேர்ந்தே விழுந்தது பலருக்கு நினைவிருக்கும். அன்று முதல் எல்லையோரக் கடைகளைப் பற்றிய பேச்சு இன்னும் சூடாகிவிட்டது.

ஆனால் அங்கே ஒரு கட்டு வாங்கி, பையில் போட்டுக்கொண்டு வந்து இங்கே விற்றால் அது குற்றம். சீட்டு அசல் சீட்டாக இருந்தாலும் தப்ப முடியாது. பள்ளிக்கூட விடுமுறைக்குப் போன பையன் நாலு சீட்டு வாங்கி வந்து கூடப் படிக்கிறவர்களிடம் லாபம் வைத்து விற்றாலும் அதே கதைதான்.

கடைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

"என் கடை வாசல்ல எவனோ நின்னு எழுதுறான். எனக்கு என்ன?"
இடம் கொடுத்தவர் என்று வழக்கில் பெயர் சேர வாய்ப்பு உண்டு. நிற்க விடாதீர்கள். போகாவிட்டால் போலீசில் சொல்லிவிடுங்கள்.

"பையன்தான் கேட்டான். நானா கூப்பிட்டேன்?"
கேட்டது யார் என்பது கணக்கே இல்லை. கொடுத்தது நீங்கள்.

"பார்த்தா பெரிய பையன் மாதிரி இருந்தான்."
தமிழ்நாட்டில் இந்தச் சமாதானம் எடுபடாது. பெரியவருக்கு விற்றாலும் குற்றம்தானே!

"நான் ஊருக்குப் போயிருந்தேன். கல்லாவில இருந்த மச்சினன் பண்ணின வேலை."
விற்ற கை மச்சினன் கை என்றால் முதல் வழக்கு அவர் மேல். உங்களுக்குத் தெரிந்தே நடந்தது என்று தெரிந்தால் உங்கள் மேலும்.

"வீட்டில் இருப்பவர்கள் எதைக் கவனிக்கணும்?"
பையன் நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் மூன்று மூன்று எண்களாக எழுதி இருக்கிறானா? பிற்பகல் 3 மணி ஆனால் செல்போனைத் தேடுகிறானா? மிச்சச் சில்லறை குறைகிறதா? அடிக்க வேண்டாம். "யார் கிட்ட குடுத்தே?" என்று மட்டும் கேளுங்கள். குற்றவாளி அந்தக் கேள்விக்குப் பதிலாக வருகிறவர்தான்.

ஒரு வரி போதும்

பையனை விட்டு விற்க வைக்கிறவருக்கு 10 வருஷம் வைத்த சட்டம், பையனுக்கே விற்கிறவரைப் பெரியவருக்கு விற்றவரோடு ஒரே வரிசையில் நிறுத்தி இருக்கிறது. சிகரெட்டுக்கும் மதுவுக்கும் இளைஞர் நீதிச் சட்டத்தில் போட்ட அந்த ஒரு வரியில் லாட்டரி என்ற வார்த்தையையும் சேர்த்தால் போதும். 2 வருஷம் 7 வருஷம் ஆகிவிடும். டெல்லியில் பாராளுமன்றம் செய்ய வேண்டிய வேலை அது.

அதுவரை தெருவில் இருக்கிறவர்களும் கொஞ்சம் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். பிள்ளைகள் கையில் சீட்டோ, துண்டுக் காகிதமோ கொடுக்கிறவரைப் பார்த்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். போலீசுக்கு 112. இரண்டுக்கும் காசு கிடையாது.